துரை அல்ல, அண்ணன்!

திருவண்ணாமலைக்கு வருடம் முழுவதும் கூட்டம்தான். கார்த்திகை தீபத்துக்கு ஒரு கூட்டம். பவுர்ணமிக்குப் பவுர்ணமி கிரிவலம் வருகிற கூட்டம் ஒன்று. இவை போதாதென்று கடல் கடந்து வருகிறவர்கள் வேறு.

1931-ம் ஆண்டு பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் இங்கே வந்து ரமண மகரிஷியைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு புத்தகம் எழுதினார். 1934-ல் வெளியான அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கப்பல் ஏறியவர்கள் பலர். மகரிஷி 1950-ல் மறைந்தார். வருகிறவர்கள் நிற்கவில்லை.

இப்படி வருகிறவர்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு. விடுமுறையில் வருவார்கள். சிலர் தியானம் செய்ய வருவார்கள். சிலர் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தின் மூலம் ஏழைகளுக்கு உதவி செய்ய வருவார்கள். மலையைச் சுற்றியுள்ள கிராமங்களில், மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்து ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள். கூரை வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையால் சாப்பிடப் பழகுவார்கள். ரசம் விரல் இடுக்கில் வழியும். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். விருந்தாளியும் சேர்ந்து சிரிப்பார்.

இரண்டு வாரம் போகும். மூன்று வாரம் போகும். பிறகு விமானம்!

"போயிட்டு வரேன்"

இந்த மாணவர்கள் கற்றுக்கொள்கிற முதல் நாலைந்து தமிழ்ச் சொற்களில் "போயிட்டு வரேன்" என்பதும் ஒன்று. "போகிறேன்" என்று சொல்லக் கூடாது, "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று வீட்டுப் பாட்டி சொல்லிக்கொடுத்திருப்பார். அவர்களும் அப்படியே சொல்லிவிட்டுப் போவார்கள்.

பெரியவர்களுக்கு அது வெறும் வழக்கு என்று தெரியும். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியுமா? "வரேன்" என்று சொன்ன அக்கா வருவாள் என்றுதான் அது நினைக்கும். வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த விடுமுறையில் வேறொரு அக்கா வருவாள். வேறொரு பாட்டு. அவளும் "போயிட்டு வரேன்" என்பாள்.

இது சின்ன விஷயம் அல்ல. தாய் தந்தை இருக்கிற வீட்டுக் குழந்தை இரண்டு நாளில் மறந்துவிடும். குழந்தைகள் இல்லத்தில் வளருகிற பிள்ளை அப்படி மறப்பதில்லை. பாசம் வைத்தவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விடுகிறார்கள் என்றால், பிறகு யாரிடமும் ஒட்டக் கூடாது என்று அந்த மனசு தீர்மானித்துவிடும்.

இன்னொரு கொடுமையும் உலகத்தில் நடந்திருக்கிறது. வெளிநாட்டு விருந்தாளிகள் பணம் கொடுத்துத் தொண்டு செய்ய வருகிறார்கள் என்பதற்காகவே, தாய் தந்தை உயிரோடு இருக்கிற பிள்ளைகளைக் கொண்டுவந்து "அநாதைகள்" என்று காட்டிய இல்லங்கள் பல நாடுகளில் இருந்தன. 2019-ம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபையே இதைக் கண்டித்துப் பேசவேண்டி வந்தது. நம் நாட்டில் 2015-ம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் இல்லம் எதுவானாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். நல்ல எண்ணத்தோடு வருகிற மாணவர் முதலில் விசாரிக்க வேண்டியது அந்தப் பதிவைத்தான்.

அப்படியானால் வெளியூர்ப் பிள்ளைகள் வரவே கூடாதா? ஏழை வீட்டோடு பழகவே கூடாதா?

அப்படிச் சொல்வதற்கில்லை. திருவண்ணாமலையிலிருந்து நாலு திசையிலும் பஸ் போகிறது. கிழக்கே செஞ்சி வழியாகத் திண்டிவனம். வடக்கே போளூர் வழியாக வேலூர். மேற்கே செங்கம், சிங்காரப்பேட்டை வழியாகத் திருப்பத்தூர். தெற்கே திருக்கோவிலூர். இந்த நாலு ஊர்களிலும், சீமையிலிருந்து இளம் வயதில் வந்தவர்களின் கதை கிடக்கிறது. வந்து, பழகி, அதற்கான விலையையும் கொடுத்தவர்கள் அவர்கள்.

மூன்று பேர் தட்டிய கதவு

திண்டிவனத்தில் தொடங்குவோம்.

ஐடா ஸ்கடர் என்ற பெண் 1870-ம் ஆண்டு ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்கக் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே இலங்கைக்கு வந்து வைத்தியம் பார்த்த டாக்டர். அப்பாவும் டாக்டர். குடும்பமே மிஷனரிக் குடும்பம்.

அந்தக் குழந்தைக்கு ஆறேழு வயதாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. நம் பாட்டிமார் கதை கதையாகச் சொன்ன பஞ்சம் அது. ஸ்கடர் வீட்டு வாசலிலும் பட்டினிக் குழந்தைகள் வந்து விழுந்து கிடந்தார்கள். ரொட்டியைக் கையில் வாங்கித் தின்னக்கூடச் சில குழந்தைகளுக்குத் தெம்பு இல்லை. சிறுமி ஐடா ரொட்டியைப் பிட்டுப் பிட்டு அவர்கள் வாயில் வைத்தாள். அந்தக் காட்சி அவளை விடவே இல்லை.

விடாமல் என்ன செய்தது தெரியுமா? இந்த நாட்டுப் பக்கமே வரக் கூடாது என்று நினைக்க வைத்தது! அமெரிக்காவில் பள்ளிக்கூடம். தோழிகள். ஆட்டம் பாட்டம். வறுமையும் பிணியும் நிறைந்த ஊருக்குப் போய் மிஷனரி வேலை பார்க்க மாட்டேன் என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவந்தார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருக்கிறது. தொண்டு செய்வதற்கென்றே பிறந்த மகராசிகள் கதையில்தான் வருவார்கள். நிஜத்தில் வருகிறவர்கள் நம் வீட்டுப் பெண்களைப் போலத்தான் இருப்பார்கள்.

1890-ல் திண்டிவனத்திலிருந்து தகவல் போயிற்று. தாயாருக்கு உடம்பு சரியில்லை. ஐடா கப்பல் ஏறினார். அம்மா எழுந்து நடமாடியதும் திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அதுவரை சும்மா இருப்பானேன் என்று திண்டிவனத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இன்றைய மாணவர்கள் மலையடியில் செய்கிற அதே வேலைதான்!

ஒரு நாள் இரவு கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

வாசலில் ஒரு பிராமண வாலிபர். இளம் மனைவிக்குப் பிரசவ வலி. மருத்துவச்சியால் ஒன்றும் முடியவில்லை. வந்து காப்பாற்ற வேண்டும் என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது, என் தகப்பனார் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண்பிள்ளை என் மனைவியைத் தொடுவதா? அதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டு அந்த வாலிபர் போய்விட்டார்.

சிறிது நேரம் கழித்து மறுபடியும் கதவு தட்டப்பட்டது. இந்தத் தடவை ஒரு முஸ்லிம். அவர் மனைவிக்கும் அதே நிலை. அதே பதில். அவரும் போய்விட்டார்.

மூன்றாவது தடவையும் கதவு தட்டப்பட்டது. இன்னொரு இந்துக் குடும்பத்தவர். அதே வேதனை. அதே முடிவு.

விடிந்தது. தெருவில் சாவு மேளம் கேட்டது. ஐடா ஆள் அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

பிற்காலத்தில் ஐடா இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மூன்று வீட்டு ஆண்களைத் திட்டிக்கொண்டு அவர் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். காட்டுமிராண்டி வழக்கம் என்று எழுதியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. வீட்டுக் கதவு பெண்ணுக்குத்தான் திறக்கும் என்றால், வைத்தியம் தெரிந்த பெண்ணாக வந்து நிற்பது என்று முடிவு செய்தார்.

நல்ல மனசு போதாது, கைத்தொழில் தெரிய வேண்டும். ஒரே இரவில் ஐடாவுக்கு விளங்கியது இது. உதவி செய்ய வருகிற மாணவர்களில் பலருக்கு இன்றும் விளங்காமல் இருப்பதும் இதுதான்.

போனார், வந்தார்!

ஐடா அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் மருத்துவம் படித்தார். 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஆஸ்பத்திரி கட்டப் பணம் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒரு வீட்டில் அவர் ஓர் அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்ததைப் பக்கத்து அறையிலிருந்து கேட்ட ஷெல் என்ற பெரியவர், காலமான தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். இரண்டு பெண்கள் இறந்த துக்கமும் ஒரு பெண்ணைப் பறிகொடுத்த துக்கமும் ஒரே கட்டடத்தில் சேர்ந்தன என்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டல்ல, மூன்று பெண்கள்!

1900-ம் ஆண்டு வேலூருக்கு வந்து சேர்ந்தார். வந்த சில மாதங்களில் அப்பா இறந்துவிட்டார். கூட இருந்து தொழில் சொல்லித்தர ஆள் இல்லை. இந்தச் சின்னப் பெண்ணை நம்பி யார் வருவார்கள்? ஆரம்பத்தில் நோயாளிகள் தயங்கினார்கள். பங்களாவில் ஒரு சின்ன அறை, அதுதான் ஆஸ்பத்திரி. சமையல்காரரின் மனைவி சலோமிதான் நர்ஸ். கட்டுப் போடவும் மருந்து கலக்கவும் சலோமிக்கு ஐடா கற்றுக்கொடுத்தார். எந்த வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்பதைச் சலோமியைப் போன்றவர்கள்தான் வெளியூர்க்காரருக்குக் கற்றுக்கொடுப்பார்கள். சரித்திரத்தில் சலோமிக்கு ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. இன்னும் நாலு வரி கிடைத்திருக்கலாம்.

இரண்டு வருஷத்தில் ஐயாயிரம் பேருக்குச் சிகிச்சை நடந்தது. 1902-ல் நாற்பது படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது. 1909-ல் மோட்டார் கார் வந்தது. குடியாத்தம் சாலையில் அந்தக் கார் புகைவிட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து ஜனங்கள் பிசாசு என்று ஓடினார்களாம். கொஞ்ச நாளில் அதே ஜனங்கள் புளிய மரத்தடியில் உட்கார்ந்து காருக்காகக் காத்திருந்தார்கள். சாலையோர வைத்தியசாலை என்று அதற்குப் பெயர்.

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. நம் ஊர்ப் பெண்கள் டாக்டருக்குப் படிக்க வருவார்களா என்று மேலதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். 1922-ல் பரீட்சை எழுதிய பதினாலு பெண்களும் தேறினார்கள்! இனி மூன்று வீட்டுக் கதவு தட்டப்பட்டால், போவதற்கு உள்ளூர்ப் பெண்ணே இருந்தாள்.

ஐடாவை அவருடைய மாணவிகளும் ஊழியர்களும் "ஆன்ட் ஐடா" என்று அழைத்தார்கள். உறவு முறைதான். "டாக்டர் ஐடா, இந்தியா" என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம் அவரிடம் ஒழுங்காக வந்து சேர்ந்தது என்று வேலூரில் சொல்வார்கள். 1960-ல் கொடைக்கானலில் அவர் காலமானபோது வயது 89.

லண்டன் குப்பத்தில் மாணவர்கள்

படிக்கிற பிள்ளை ஏழைகளுக்கு நடுவில் போய்க் குடியிருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தியாவைப் பார்த்து வந்ததல்ல. வெள்ளைக்காரர்களின் தலைநகரிலேயே பட்டினி இருந்தது.

லண்டன் நகரத்தின் கிழக்குப் பகுதியில் வைட்சேப்பல் என்ற இடம் உண்டு. துறைமுகக் கூலிகளும் அகதிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. 1884-ல் அங்கே சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியார் "டாயின்பீ ஹால்" என்ற விடுதியைத் தொடங்கினார். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் அங்கே தங்கவேண்டும். காசு கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. அண்டை வீட்டுக்காரராக இருக்கவேண்டும். அதுதான் நிபந்தனை.

வக்கீலுக்குப் படித்த ஓர் இளைஞர் அந்த வட்டாரத்து ஏழைப் பையன்களோடு பழகப் போய், அங்கேயே சில வருஷம் குடியிருந்தார். 1910-ல் டாயின்பீ ஹாலின் செயலாளராகவும் வேலை பார்த்தார். கிளெமென்ட் அட்லி என்பது அவர் பெயர். ஆமாம், 1947-ல் இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தபோது இங்கிலாந்தின் பிரதமராக இருந்தாரே, அதே அட்லிதான்!

திருப்பத்தூரின் இரண்டு அண்ணன்கள்

சீமையில் இப்படி ஒரு காற்று வீசிய காலத்தில், இரண்டு டாக்டர்கள் அங்கே சந்தித்து நண்பர்களானார்கள்.

ஒருவர் பாளையங்கோட்டைக்காரர். பெயர் சவரிராயன் ஏசுதாசன். 1882-ல் பிறந்தவர். மருத்துவம் படிக்கச் சீமைக்குப் போனவர்.

இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரர். பெயர் எர்னெஸ்ட் பாரஸ்டர் பேட்டன். 1891-ல் பிறந்தவர். சாதாரண வீட்டுப் பிள்ளை அல்ல. பேட்டன் கம்பளி நூல் என்றால் உலகம் முழுக்கத் தெரியும். அந்த ஆலை முதலாளிகளின் குடும்பம். அவர் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் ஏழு தலைமுறைக்குக் காணும்.

இருவரும் இந்தியாவுக்கு வந்தார்கள். அந்தக் காலத்து மிஷன்களில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளைக்கார மிஷனரிக்குப் பெரிய பங்களா, பெரிய சம்பளம். அதே படிப்புப் படித்த இந்தியருக்கு ஒரு படி கீழேதான் இடம். ஒரே தட்டில் சாப்பிட்ட நண்பர்களுக்கு இது பொருந்துமா?

இருவரும் விலகினார்கள். 1921-ம் ஆண்டு, அப்போது வடாற்காடு ஜில்லாவில் இருந்த திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சம்பளம் கிடையாது. கல்யாணம் கிடையாது. கதர் வேட்டி, கதர்ச் சட்டை. தரையில் உட்கார்ந்து மரக்கறிச் சாப்பாடு. சுற்றுப்பட்டுக் கிராமத்து ஏழைகளுக்கு வைத்தியம். ஆசிரமத்தில் எழுப்பிய ஜெபாலயம்கூடக் கோயில் கோபுரம் போன்ற அமைப்புடன்தான் எழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்காரவேண்டும்.

இவர்களை ஜனங்கள் எப்படி அழைத்தார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் வெள்ளைத் தோலைக் கண்டால் வாயில் வருகிற சொல் "துரை". கலெக்டர் துரை. இன்ஜினீயர் துரை. தோட்டத்து துரை. பாதிரியாரும் துரைதான். துரை என்று சொன்னவுடன் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும்.

திருப்பத்தூரில் அந்தச் சொல் செல்லுபடியாகவில்லை. ஏசுதாசனுக்குப் "பெரியண்ணன்" என்று பெயர். பேட்டனுக்குச் "சின்னண்ணன்" என்று பெயர். கடைசி வரைக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1921-ல் வெள்ளைக்காரன் ராஜ்யம். கறுத்த தமிழர் பெரியவர். கோடீஸ்வர வெள்ளைக்காரர் சின்னவர்! வயதுப்படி அதுதான் முறை. நம் வீடுகளில் வயதுக்குத்தானே மரியாதை? பணத்தையும் நிறத்தையும் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் குடும்ப முறைக்குள் தன்னை அடக்கிக்கொண்டவர் சின்னண்ணன். இதற்காக அவர் பிரசங்கம் எதுவும் செய்யவேண்டி இருக்கவில்லை. வைத்தியம் பார்க்க வருகிற கிழவி, "சின்னண்ணன் எங்கே?" என்று கேட்டாலே போதும்.

அண்ணன் என்றால் அடியும் உண்டு

உறவு கொண்டாடினால் உறவுக்கு வருகிற கஷ்டமும் நமக்கு வரும்.

1921 ஒத்துழையாமை வருஷம். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் காந்தியடிகள் மதுரையில் மேல்சட்டையைக் களைந்து அரைத் துணிக்கு மாறினார். கதர் என்பது வெறும் துணியாக இல்லை. அதை உடுத்திய வெள்ளைக்காரரைப் போலீஸ் சும்மா விடுமா?

1932-ம் ஆண்டு சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்துகொண்டிருந்தது. கதர் உடுத்தி அந்தப் பக்கம் நின்ற சின்னண்ணனையும் போலீசார் தடியால் அடித்தார்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். ஓடி ஒளிந்துகொள்ளவோ, நான் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லித் தப்பிக்கவோ அவருக்கு வழி இருந்தது. சேதி சீமைக்கு எட்டியது. லண்டன் பார்லிமென்டில் கேள்வி எழுந்தது. நம் ஆட்களில் எத்தனையோ பேர் அதே தடியால் மண்டை உடைந்து கிடந்தார்கள். அவர்களுக்காக அங்கே கேள்வி எழுந்ததா என்று கேட்டால், பதில் உங்களுக்கே தெரியும். ஒரு பேட்டன் அடிபட்டதால், கதர் கட்டியவன் மேல் விழுகிற அடி அங்கே இருந்தவர்களுக்கு வலித்தது.

பெரியண்ணன் 1969-ல் மறைந்தார். அடுத்த வருஷம், 1970-ல், சின்னண்ணன் மறைந்தார். ஆசிரமம் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

திருக்கோவிலூர் ஆசிரியை

திருக்கோவிலூர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டென்மார்க்கிலிருந்து எஸ்தர் பேரிங் என்ற இளம் பெண் மிஷன் வேலைக்காக அங்கே வந்தார். தமிழ் கற்றுக்கொண்டார். 1917 ஜனவரியில், தம்மைவிட மூத்தவரான ஆன் மேரி பீட்டர்சன் என்ற அம்மையாரோடு காந்தியடிகளின் ஆசிரமத்துக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்த பிறகு காந்தியடிகள் அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். மகளே என்ற பாசம் நிறைந்த கடிதங்கள்.

மிஷனுக்கு இது பிடிக்கவில்லை. சர்க்காரும் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. ஒரு பக்கம் வேலை. இன்னொரு பக்கம் உறவு. எஸ்தர் 1919-ல் மிஷனை விட்டு விலகினார். பிறகு கேரளத்து டாக்டர் மேனன் என்பவரை மணந்துகொண்டார். ஆன் மேரி பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் பெண்களுக்காகப் பள்ளி தொடங்கினார். அதற்கு 1921-ல் அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள். சேவா மந்திர் என்பது அந்த இடத்தின் பெயர்.

வீட்டுக்காரர்கள் கொடுப்பது

இதுவரை வந்தவர்களைப் பற்றியே சொன்னோம். வரவேற்ற வீடுகளைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

வெளியூர்ப் பிள்ளை வீட்டுக்கு வந்தால் ஏழை வீட்டில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் வாங்கி டீ போடுவார்கள். இருக்கிற ஒரே நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். குழந்தைக்கு வைத்திருந்த முட்டை விருந்தாளியின் தட்டுக்குப் போய்விடும். விருந்தாளிக்கு இது தெரியாது. தெரிந்தால் அந்த முட்டை தொண்டையில் இறங்காது.

ஆகவே பழக வருகிற மாணவர் சில சங்கதிகளைக் கவனிக்க வேண்டும். தினம் ஒரு வீடாகச் சாப்பிடப் போகக் கூடாது. ஒரு வீட்டோடு தங்குவதானால் அரிசி பருப்புச் செலவைக் கவுரவமான முறையில் கொடுத்துவிட வேண்டும். குழந்தைகளைப் படம் எடுப்பதானால் தாயிடம் கேட்க வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பொம்மை கொடுத்தால் தெருவில் உள்ள மற்ற பிள்ளைகளும் பிள்ளைகள்தான் என்பதை நினைக்க வேண்டும். எந்தத் தேதியில் ஊருக்குப் போகப் போகிறோம் என்பதை முதல் நாளே குழந்தைகளிடம் சொல்லிவிட வேண்டும். திரும்பி வருவது நிச்சயம் இல்லை என்றால், அதையும் சொல்லிவிடலாம். அதற்குப் பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வீட்டில் உள்ள பெரியவர்களும் கேள்வி கேட்கத் தயங்கக் கூடாது. எந்த நிறுவனம் அனுப்பியது? உள்ளூரில் பொறுப்பு யார்? எத்தனை நாள்? இதைக் கேட்டால் மரியாதைக் குறைவு ஆகாது. பெண் கேட்டு வருகிறவர்களிடம் விசாரிக்காமலா இருக்கிறோம்?

உள்ளூர் மாணவர்களுக்கும் இந்த வாய்ப்பு உண்டு. காந்தி நூற்றாண்டின்போது, 1969 செப்டம்பர் 24-ல், நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் 37 பல்கலைக்கழகங்கள், 40 ஆயிரம் மாணவர்கள். ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம் போட்டுத் தங்குவது அதில் ஒரு பகுதி. ஏழு நாளில் ரோடு போட்டுவிட முடியாது. ஆனால் முகாம் போட்ட ஊருக்கே அடுத்த வருஷமும் போகிற கல்லூரிகளுக்கு அங்கே வரவேற்பு வேறு மாதிரி இருக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது ஐடா ஸ்கடரின் பள்ளி வளர்ந்து நிற்கிற இடத்தில், டாக்டருக்குப் படிக்கச் சேருகிற பிள்ளைகள் முதல் வருஷமே ஒரு கிராமத்தில் சில வாரம் போய்த் தங்குகிறார்கள். ஊசி போடக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இது நடந்துவிடுகிறது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிறார்கள். அந்தக் கல்லூரியின் சமூக நலப் பிரிவு ஜவ்வாது மலைக்கும் போய்வருகிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜமுனாமரத்தூரைச் சுற்றி மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிற மலை அது. சாமையும் தேனும் புளியும் விளைகிற மலை. மழைக்காலத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குவது எவ்வளவு சிரமம் என்பதைப் பஸ்ஸில் ஒரு தடவை ஏறிப் போனவர்கள் புரிந்துகொள்வார்கள்.

இப்படிக் கணக்கெடுக்கப் போகிற மருத்துவ மாணவி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வரிசையாகக் கேள்விகள் கேட்பாள். வீட்டில் எத்தனை பேர்? தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள்? அடுப்பு எது, விறகா கியாஸா? கடைசிக் குழந்தை எங்கே பிறந்தது, வீட்டிலா ஆஸ்பத்திரியிலா? பிரசவத்தின்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?